நடை வரும்வரை பள்ளி காத்திருக்க வேண்டுமா?

“மொதல்ல புள்ள எழுந்து நடக்கட்டும் டாக்டர், அப்புறமா ஸ்கூல்ல சேத்துக்கலாம்.” மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் பெற்றோரிடமிருந்து எங்கள் புறநோயாளர் பிரிவில் மிகுதியாகக் கேட்கப்படும் சொல் இதுவே. சிலர் நடைக்குப் பதிலாகப் பேச்சைச் சொல்வர். சிலர் வலிப்பு முற்றிலும் நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பர். அன்பினால்தான் அவ்வாறு சொல்கின்றனர். பள்ளியில் பிள்ளை விழுந்துவிடுமோ, மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்களோ, ஆசிரியர் கவனிப்பாரோ என்னும் அச்சமும் அதனுள் இருக்கிறது. ஆயினும், இந்தக் காத்திருப்புக்கு மருத்துவ அடிப்படை ஏதும் இல்லை. ஏன் இல்லை என்பதைக் காத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிக் குடும்பங்களை மனத்தில் கொண்டு இங்கு விளக்க முயல்கிறேன்.

மூளை முடக்குவாதம் என்பது, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் பிறப்புக்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த முதல் சில ஆண்டுகளிலோ நேர்ந்த ஒரு பாதிப்பின் விளைவு. குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத் திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் எனக் காரணங்கள் பல. அந்தப் பாதிப்பு மேலும் பரவுவதில்லை. முற்றாக மறைந்துவிடுவதும் இல்லை. இயன்முறை மருத்துவம், தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்துகள், கால் தாங்கிகள், தேவைப்படும்போது அறுவை சிகிச்சை ஆகியன உண்மையான பயன் தருவன. அவற்றின் நோக்கம் குழந்தை தன்னால் இயன்றதை எளிதாகவும் வலியின்றியும் செய்ய உதவுவதே. மூளையின் தழும்பை அழிப்பதன்று. (மூலச் செல் ஊசி போட்டால் நடந்துவிடும் என்று கேள்விப்பட்டு, நகையை அடகு வைத்துச் செலவு செய்த குடும்பங்கள் உண்டு. சில இரத்த நோய்களுக்கு அன்றி, அச்சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. நகையை மீட்டுவிடுங்கள்.)

நடை எப்போது வரும் என்பதைப் பற்றி மருத்துவ உலகம் ஓரளவு தெளிவாகவே அறிந்திருக்கிறது. கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் 657 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்றும் எங்களுக்கு வழிகாட்டி. பாதிப்பின் அளவைக் கொண்டு குழந்தைகளை ஐந்து நிலைகளாக அவ்வாய்வு பிரித்தது. முதல் நிலையினர் நடப்பர், ஓடுவர். ஐந்தாம் நிலையினருக்குத் தலையை நிமிர்த்தி வைப்பதே கடினம். எந்த நிலையாயினும், ஒரு குழந்தை அடையக்கூடிய உடலியக்கத் திறனில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை ஐந்து வயதிற்குள் அடைந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. பாதிப்பு கடுமையாக உள்ளவர்களோ அந்த எல்லையை இன்னும் முன்னதாக, மூன்று வயதை ஒட்டியே தொட்டுவிடுகின்றனர். இரண்டு வயதிற்குள் பிடிப்பின்றித் தானே உட்காரும் குழந்தை பெரும்பாலும் நடந்துவிடும் என்பதும் எங்கள் துறையில் பல காலமாக அறிந்த ஒன்று.

இதன் பொருளைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளையை, நடை வரட்டும் என்று எட்டு வயதுவரை வீட்டில் வைத்திருந்தால், நடையில் பெரிய மாற்றம் வருவதில்லை. வர வேண்டிய நடை அதற்கு முன்பே வந்திருக்கும். கழிந்துபோவது அந்த மூன்று ஆண்டுக் கல்வி மட்டுமே.

கல்வி என்று நான் சொல்வது எழுத்தையும் எண்ணையும் மட்டும் அன்று. வகுப்பில் நிமிர்ந்து உட்கார முயல்வதே முதுகுத் தசைக்குப் பயிற்சி. அருகில் இருப்பவனின் அழிப்பானை எட்டிப் பிடுங்குவது கைக்குப் பயிற்சி. எங்கள் சிகிச்சை அறையில் அதே அசைவைச் செய்விக்க நாங்கள் அரை மணி நேரம் கெஞ்ச வேண்டியிருக்கும். பேச்சும் அவ்வாறே. வீட்டில் அம்மா குழந்தையின் கண்ணசைவிலேயே வேண்டியதைப் புரிந்துகொண்டுவிடுகிறார். பேச வேண்டிய தேவையே எழுவதில்லை. புரிந்துகொள்ளாத நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில்தான் மொழிக்கு வேலை பிறக்கிறது. மேலும், பள்ளி நேரத்தில்தான் பல தாய்மார்களுக்கு ஒருவேளைச் சோற்றை உட்கார்ந்து உண்ண இயல்கிறது. அதையும் சிகிச்சையின் பயனாகவே நான் கணக்கிடுகிறேன்.

அறிவுத்திறனைப் பற்றிய ஒரு தவறான முடிவும் பல குழந்தைகளை வீட்டில் அடைத்துவைக்கிறது. வாயில் எச்சில் வடிகிறது, சொல் தெளிவாக இல்லை, கழுத்து நிற்கவில்லை. ஆகவே புத்தி இல்லை என்று சுற்றத்தார் முடிவுகட்டிவிடுகின்றனர். எச்சில் வடிவது, வாய்த் தசைகளும் விழுங்கும் தசைகளும் ஒத்திசைவாக இயங்காமையால். அதற்கும் அறிவுக்கும் தொடர்பில்லை. மூளை முடக்குவாதம் உள்ளோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. மற்றப் பாதிப் பேருக்கு இல்லை. நால்வரில் ஒருவரால் வாயால் பேச இயலாது. ஆனால், பேச இயலாமையும் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமையும் ஒன்றல்ல. படம் ஒட்டிய அட்டையைச் சுட்டியோ, கண்ணால் காட்டியோ அக்குழந்தைகள் விடை சொல்லலாம். படத்தைத் தொட்டால் குரலாக ஒலிக்கும் ‘ஆவாஸ்’ என்னும் கருவி, நம் சென்னையில் உருவாகிப் பின்னர் உலகெங்கும் சென்றது. படம் காட்டிப் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. இதுவரை நடந்த ஆய்வுகள் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. சில குழந்தைகளுக்கு அதனால் பேச்சு கூடவே செய்திருக்கிறது.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் உள்ள விழுக்காடும் இதே குழப்பத்தைத் தருகிறது. ‘75 விழுக்காடு’ என்று கை கால் பாதிப்புக்காக எழுதப்பட்டிருந்தால், அது கை கால் இயக்கத்தின் இழப்பைக் குறிக்கும் அளவு. பிள்ளையிடம் 25 விழுக்காடு அறிவுதான் எஞ்சியிருக்கிறது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பள்ளி அலுவலகத்திலேயே அவ்வாறு படித்தவர்கள் உண்டு.

உடல் இயலாமையும் தொழிலாற்றும் திறனும் வெவ்வேறு என்பதற்கு மருத்துவத் துறையிலேயே ஒரு சான்று இருக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ், 1954ஆம் ஆண்டு சனவரியில் நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். தொழுநோயால் விரல் மடங்கியவர்களின் கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாம் என்று அவருடைய ஆசிரியர் பால் பிராண்ட் கண்டார். சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி வர்கீஸ் அறுவை மருத்துவர் ஆனார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அத்துறைக்குத் தலைமையேற்றார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். இன்று நம் நாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயில்வோர் யாவரும் அவருடைய வழியில் வந்தவர்களே. அவருடைய மனவுறுதியை எல்லாரும் புகழ்வர். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று: அமர்ந்து செய்யக்கூடிய அறுவை எது என்று அருகில் இருந்த ஒருவர் தேடிப் பார்த்தார். பள்ளியிடம் நாம் கேட்பதும் அந்தத் தேடலையே.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியிலும் இத்தகைய ஒரு வரலாறு உண்டு. பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975ஆம் ஆண்டு கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கீழே விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழ் அசைவிழந்தார். ஊர் திரும்பி, 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே அதற்கு வைத்தார். அந்நிறுவனத்தின் பணிகளில் நான் மிகவும் மதிப்பது, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகச் சென்று, சிறு குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிந்து, அம்மாவுக்கும் பாட்டிக்கும் பயிற்சி சொல்லித் தரும் முறை. மருத்துவமனை வரிசையில் நின்று ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. நெட்டுக்குப்பத்துக்கும் தாழங்குப்பத்துக்கும் அத்தகைய முறையே பொருந்தும் என்று கருதுகிறேன்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசு நடத்தும், நிதி தரும் அல்லது அங்கீகரித்த எந்தப் பள்ளியும் மாற்றுத்திறனாளிக் குழந்தையை வேறுபாடின்றிச் சேர்க்க வேண்டும். கட்டடத்தையும் கழிப்பறையையும் அணுகத்தக்கவையாக வைக்க வேண்டும். அக்குழந்தைக்குத் தேவையான தனி வசதியைச் செய்துதர வேண்டும் என்கிறது அதன் 16ஆம் பிரிவு. இதற்கு 40 விழுக்காடு என்னும் வரம்பு கிடையாது. அந்த வரம்பு, 6 முதல் 18 வயதுவரை கட்டணமில்லாக் கல்வி பெறுவதற்கும், உயர்கல்வியில் 5 விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்கும், அரசுப் பணியில் 4 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கும் உரியது. “சான்றிதழில் 40 இல்லையே, எங்களால் ஒன்றும் செய்ய இயலாது” என்று யாரேனும் சொன்னால், இவ்விரண்டையும் அவர் குழப்பிக்கொண்டார் என்று பொருள். எழுதும்போது கை இறுகும் நோயுள்ள ஒருவர், 40 விழுக்காட்டை எட்டாதபோதும், ஒன்றியக் குடிமைப்பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ள உரிமை உடையவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் மற்றொரு தீர்ப்பில், தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 மாணவர்க்கு ஒருவர், அதற்கு மேல் 15 மாணவர்க்கு ஒருவர் என்னும் விகிதத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்க வேண்டும் என்றது.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகளிலும் சலுகைகள் உண்டு: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், குறைபாட்டுக்கு ஏற்ப ஒரு மொழிப் பாட விலக்கு. தேர்வுக்கு முந்திய வாரத்தில் வந்து கேட்டால் எங்களாலும் உதவ இயலாது. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் தெரிவித்து, சான்றுகளை ஆயத்தமாக வைக்க வேண்டும்.

சட்டம் கையில் இருந்தாலும் பள்ளிக்குச் சண்டைக்காரராகச் செல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான ஆசிரியர்களுக்கு மனம் இல்லாமல் இல்லை, அச்சமே தடை. வகுப்பில் வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. குழந்தையை ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கையில் இரும்பைக் கொடுக்காமல், நேரத்தைக் கணக்கிட்டு, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழைக்க வேண்டும். அவ்வளவே. இதை ஒரு தாளில் எழுதித் தந்தால் பாதி அச்சம் அகன்றுவிடும். எங்கள் பிரிவில் பள்ளிக்கென ஒரு கடிதம் தருகிறோம். அதில் நோயின் பெயர் ஒரு வரிதான். எவ்வாறு உட்கார வைப்பது, எந்தக் கையால் எழுதும், எவ்வளவு நேரத்தில் களைக்கும், என்ன மருந்து எப்போது என்பதே மீதி. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வகுப்பறை தரைத்தளத்தில் இருந்தால் பெரும் சிக்கல் தீரும். மூன்றாம் வகுப்பு மாடியில் என்றால் மாடிக்கு மின்தூக்கி கேட்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு மூன்றாம் வகுப்பைக் கீழே மாற்றினால் போதும். கால் தொங்காதபடி நாற்காலிக்குக் கீழே ஒரு பலகை வைத்தால், அரை மணியில் சரியும் பிள்ளை இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கும். உள்ளூர்த் தச்சர் செய்து தருவார்.

கழிப்பறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் யாரும் பேச விரும்பாத இந்தக் காரணத்தால்தான், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், ஆறாம் ஏழாம் வகுப்போடு நின்றுவிடுகின்றனர். கைப்பிடி இல்லாத, குந்தி அமர வேண்டிய கழிப்பறையைப் பயன்படுத்த இயலாத பிள்ளை, காலை முதல் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீரில் கிருமித் தொற்று, மலச்சிக்கல், வயிற்று வலி, அதனால் தசை இறுக்கம் கூடுதல் என்று எங்களிடம் வரும்போது, நாங்கள் மருந்துச் சீட்டு எழுதுகிறோம். தேவைப்படுவதோ சுவரில் இரண்டு கம்பிப் பிடிகளும், நாற்காலி போன்ற இருக்கையும், உள்ளே நுழையுமளவு அகலமான கதவும். மாதவிடாய் தொடங்கும் வயதுக்கு முன்பே இதற்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையினர். அந்தக் கூட்டத்தில் முதலில் பேச வேண்டிய பொருள் இதுவென்பது என் கருத்து.

எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வழி பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். காது கேளாத குழந்தையை, சைகை மொழி அறிந்த எவரும் இல்லாத வகுப்பில் உட்கார வைத்துவிட்டு ‘சேர்த்துவிட்டோம்’ என்பது பெயரளவுச் சேர்க்கையே. அங்கு அது தனிமைச் சிறையில் இருக்கிறது. அத்தகைய குழந்தைக்குத் தொடக்கத்தில் சிறப்புப் பள்ளியே நல்லதாக அமையலாம். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள் இரைச்சலைத் தாங்கமாட்டார்; முதலில் நாளுக்கு ஒரு மணி நேரம் சென்று, மெல்ல நேரத்தைக் கூட்டுவது நலம். மிகக் கடுமையான பாதிப்புள்ளோருக்கு, வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கு வந்து கற்பிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால், சக்கர நாற்காலி உள்ளே நுழையாது என்னும் ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளையை ‘வீட்டுவழிக் கல்வி’ப் பதிவேட்டில் எழுதிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். அது கதவின் குறை.

பள்ளி சரியானாலும் பள்ளிக்குப் போகும் வழி சரியாக வேண்டும். காத்திவாக்கத்தில் இது எளிதன்று. துறைமுகத்துக்குச் செல்லும் சரக்குப் பெட்டக லாரிகள் வரிசைகட்டும் சாலையில், நடைபாதை இல்லாத ஓரத்தில், மணலில் சக்கரம் புதையும். புறநகர் ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பெட்டி உண்டு. நடைமேடைக்கும் பெட்டிக்கும் உள்ள உயர வேறுபாட்டை ஏறிக் கடப்பவருக்கே அது பயன்படும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர்வரை நீண்ட மெட்ரோ ரயிலில் மின்தூக்கியும், சமதள நடைமேடையும், பார்வையற்றோர் காலால் உணரும் தரைக்கற்களும் உள்ளன. ஒரே பகுதியில், சில கிலோமீட்டர் தொலைவில், ஒன்று இயலும், மற்றொன்று இயலாது என்றால் அதற்குக் காரணம் உடலில் இல்லை. மெரினாவில் 2022 நவம்பரில் கடல்வரை செல்லும் மரப்பாதை திறக்கப்பட்டபோது, வாழ்நாளெல்லாம் சென்னையில் இருந்தும் அலையைத் தொட்டிராதவர்கள் முதன்முறையாகத் தொட்டனர். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, பின்பு சீர்செய்தனர். கடலையே வாசலாகக் கொண்ட நம் குப்பங்களில், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களுக்கு இந்தப் பக்கமே அமர்ந்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத் திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025இல் நிறைவேற்றியது. இத்தகைய கோரிக்கைகளை அந்த உறுப்பினர்களிடம் கொண்டுசெல்லுங்கள்.

இறுதியாக, இந்தப் பகுதிக்கே உரிய ஒன்று. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வீட்டை விட்டு ஓடினர். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயலின் வெள்ளமும், அதோடு எண்ணெய்ப் படலமும் வந்திருந்தன. ஓட இயலாத பிள்ளையை அத்தகைய இரவில் தூக்குபவர் யார்? அப்பா கடலுக்குச் சென்றிருப்பார் அல்லது இரவுப் பணியில் இருப்பார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அம்மா ஒருவரால் தூக்கிக்கொண்டு ஓட இயலாது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் பிள்ளையின் பெயர் அதில் இருக்கிறதா என்று கேட்டு, எழுதச் செய்யுங்கள்.

அதற்கும் முன்பாகச் செய்யக்கூடியது தெருவிலேயே இருக்கிறது. பிள்ளை பள்ளிக்குச் செல்லத் தொடங்கினால், தெருவில் அதை அறியாதவர் இருக்கமாட்டார். அறிந்தவர்களில் உடல்வலு உள்ள இருவரிடம் முன்கூட்டியே பேசி, தசை இறுக்கமுள்ள குழந்தையை எவ்வாறு தூக்குவது என்று காட்டிவையுங்கள்: கைகளைப் பிடித்து இழுக்காமல், முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, தன் மார்போடு அணைத்து. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலால் ஒரு வார மருந்தும், சான்றிதழின் நகலும், பள்ளிக்குத் தந்த கடிதத்தின் நகலும் நெகிழிப் பையில் வாசலருகே தொங்கட்டும். அந்த இருவரின் தொலைபேசி எண்களைக் கடிதத்தின் பின்புறம் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.